டிராக்ஸ் வண்டி ஹீட் ஆகுது: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடலாமா?

12.04.2023, இரவு 9.40

ஒரு வாசகர் கேட்டது: "98 மாடல் டிராக்ஸ். கொல்லிமலை ஏறும்போது ஹீட் மீட்டர் முள் 110-ஐத் தொடுது. பட்டறையில வால்வைக் கழட்டிட்டாங்க. இப்ப சமதளத்துல 55-ஐத் தாண்ட மாட்டேங்குது, மலையில மட்டும் அதே 110. நம்ம ஊரு வெயிலுக்கு வால்வே தேவையில்லைன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாருங்க. சரிதானுங்களா?"

சரியில்லை. எஞ்சின் தண்ணீர் போதுமான அளவு சூடாகும் வரை அதை ஆற்றும் ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் கதவுதான் இந்த வால்வு. எஞ்சினுக்குள் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் டீசல் ஒழுங்காக எரியும், ஆயிலும் பக்குவமாக இளகும். அந்தக் கணக்கில் பார்த்தால் நாமக்கல்லின் 40 டிகிரி சித்திரை வெயிலும் எஞ்சினுக்குக் குளிர்தான். 55-லேயே ஓடினால் டீசல் கூடக் குடிக்கும், காலையில் வெள்ளைப் புகை தள்ளும், சிலிண்டர் சுவரில் ஈரம் கோத்துத் தேயும். சூடு உடனே கொல்லும், குளிர் மெல்லக் கொல்லும்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், 99 மாடல். அப்பா வாங்கியது. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து அன்னாசியும் பலாவும் இறக்கியே 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மார்ச்சிலிருந்து எனக்கும் மலையில் முள் 110 போகிறது. சமதளத்தில் பகலில் 70. என் வண்டியில் வால்வு இருக்கிறது, ஆகவே என்னுடையது ரேடியேட்டர் அடைப்புதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

13.04.2023, காலை 7.15

"டிராக்ஸுக்குப் போய் பென்ஸ் கையேட்டை எதுக்குப் பார்க்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பார்ப்பது அந்தக் கையேட்டைத்தான். எஞ்சின் ஒன்றுதான். டிராக்ஸைச் செய்த பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கி இங்கே செய்த ஓஎம் 616, 2.4 லிட்டர், நாலு சிலிண்டர். பென்ஸ் 240டி காரில் 1973 முதல் ஓடிய குடும்பம். எஞ்சினின் உடலான பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட் வண்டியை ஒருமுறை கொதிக்க விட்டாலே வளைந்து உட்கார்ந்துவிடும். இது கொஞ்சம் பொறுக்கும். பொறுக்கிறதே என்றுதான் நம் ஆட்கள் 110-லேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

16.04.2023, இரவு 10.05

ரேடியேட்டரைக் கழற்றி பட்டறைக்குக் கொண்டுபோனேன். லாரிகளுக்கே வேலை பார்க்கும் இடம், நாமக்கல்லில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. மேல் தொட்டியை ஈயம் இளக்கிப் பிரித்து, குழாய் குழாயாக ராடு விட்டுக் குத்தினார் பெரியவர். தட்டிக் காட்டியபோது உள்ளே வெள்ளை உப்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு. ஆனால் அடைத்திருந்தது ஓரத்தில் ஐந்தாறு குழாய்கள்தான். "இதுக்கெல்லாம் வண்டி கொதிக்காது தம்பி, நீங்க வேற எங்கயாவது பாருங்க" என்று அவரே சொல்லிவிட்டார். கூலி 1,800.

மாட்டிக்கொண்டு காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினேன். 70 கொண்டை ஊசியில் முப்பதாவது தாண்டுவதற்குள் 105.

உப்புக்குக் காரணம் போர் தண்ணீர். ஆறு வருஷமாகக் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) இல்லாமல் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறோம். இனிமேல் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அளந்து பார்க்காமல் ரேடியேட்டரைக் கழற்றியது தப்பு. வண்டி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டேன்.

18.04.2023, இரவு 11.30

இன்று இரவு சேந்தமங்கலத்திலிருந்து திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். முள் 70-லிருந்து 82-க்குத் தாவியது. அணைத்தேன், கீழே வந்தது. வைப்பர் போட்டால் சின்ன நடுக்கம். ஓரமாக நிறுத்தி நாலைந்து தடவை செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதேதான்.

தண்ணீர் ஒரு நொடியில் 12 டிகிரி ஏறாது. ஏறியது முள் மட்டும்.

டேஷ்போர்டின் எர்த் சரியில்லை. அத்தனை விளக்குக்குமான கரண்ட் துருப்பிடித்த ஒரே எர்த் வழியாகத் திரும்பும்போது, அதே எர்த்தை நம்பியிருக்கும் மீட்டரும் தடுமாறுகிறது. பெரும்பாலும் மேல்நோக்கித்தான் பொய் சொல்லும். ஆக, இரவு நேரத்தில் மலை ஏறி "110 ஆயிடுச்சு" என்று நான் பயந்த பயணங்களில் பாதி, நிஜத்தில் 98-ஆக இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் வைத்துக்கொண்டு செய்தது: எஞ்சினில் இருக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினேன், முள் அடிக்குப் போனது. அந்த ஒயரை ஒரு நொடி எஞ்சின் இரும்பில் தொட்டேன், முள் உச்சிக்குப் போனது. மீட்டரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். டேஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் போல்ட்டை அவிழ்த்தால் வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி முறுக்கினேன். பிளாக்கிலிருந்து சேஸிக்குப் போகும் பட்டையையும் அதேபோல்.

இப்போது ஹெட்லைட் போட்டால் முள் அசையவில்லை. உங்கள் வண்டியிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். காசில்லாத சோதனை.

23.04.2023, பகல் 1.10

12-ஆம் தேதி எழுதியதில் ஒரு வரி தவறு. "என் வண்டியில் வால்வு இருக்கிறது" என்றேன். இல்லை.

கண்டுபிடித்த விதம் இது. தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கொரோனா நாளில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி உதவாது, அது 43-க்கு மேல் காட்டாது. பட்டறைத் துப்பாக்கிதான் வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் குறைத்துக் காட்டும். அதனால் வால்வு மூடியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும். ரப்பர் ஹோஸில் டேப் தேவையில்லை.

காலையில் ஆறிய எஞ்சினைக் கிளப்பி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் அடித்துக்கொண்டே இருந்தேன். வால்வு இருந்தால் எஞ்சின் 80-ஐத் தொடும் வரை மேல் ஹோஸ் ஆறியே கிடக்க வேண்டும், பிறகு திடீரென்று சூடேற வேண்டும். எனக்கோ மூடியில் 35 என்றால் ஹோஸில் 33. மூடியில் 48, ஹோஸில் 46. இரண்டும் கைகோத்து ஏறின. 20 நிமிஷம் ஓடியும் 60 வரவில்லை. டீசல் எஞ்சின் ஐடிலில் சூடாக நேரம் எடுக்கும்தான், ஆனால் இது ரொம்ப அதிகம்.

மூன்று போல்ட்டையும் அவிழ்த்து மூடியைத் தூக்கினால் உள்ளே ரப்பர் வளையம் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ காலேஜ் படிச்சப்ப ஒரு தடவை முப்பத்தெட்டாவது வளைவுல கொதிச்சுது. ஒரு பட்டறைல கொண்டுபோய் விட்டேன். என்னமோ ஒரு சாமான் தேவையில்லைன்னு கழட்டிக் குடுத்தாங்க. பழைய இரும்புக்குப் போட்டேன்" என்றார். பன்னிரண்டு வருஷமாக வால்வில்லாமல் ஓடியிருக்கிறது.

23.04.2023, இரவு 9.00

பல பேர் இதையேதான் கேட்கிறார்கள்: "வால்வு இல்லைன்னா தண்ணி தாராளமா ஓடுமே, அப்புறம் எப்படி மலையில கொதிக்கும்?"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம், நானும் உட்பட.

எஞ்சினைவிட்டு வெளியேறும் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டர் பக்கம். இன்னொன்று குறுக்கு வழி, ரேடியேட்டருக்கே போகாமல் நேராக வாட்டர் பம்புக்குத் திரும்பும். இந்த எஞ்சினின் வால்வில் இரண்டு தட்டுகள் உண்டு. ஆறியிருக்கும்போது மேல் தட்டு ரேடியேட்டர் வழியை மூடும், குறுக்கு வழி திறந்திருக்கும். 80-ல் மேல் தட்டு நகரத் தொடங்கும். 94 வாக்கில் முழுசாகத் திறக்கும்போது கீழ்த் தட்டு போய்க் குறுக்கு வழியை அடைத்துவிடும். அந்த நேரத்தில்தான் தண்ணீர் மொத்தமும் ரேடியேட்டருக்குப் போகிறது.

வாய்க்கால் மடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடையைத் திறக்கிற ஆளே இன்னொரு மடையை மண் போட்டு அடைக்கிறார். அந்த ஆளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இரண்டு மடையும் எப்போதும் திறந்து கிடக்கும். சமதளத்தில் சூடு குறைவு, ரேடியேட்டருக்குப் போகும் பாதித் தண்ணீரே அளவுக்கு மேல் ஆற்றிவிடும், முள் 55. மலையில் ரேடியேட்டருக்கு முழுத் தண்ணீரும் வேண்டும். ஆனால் ஒரு பங்கு ஆறாமலே சுற்றிச் சுற்றி எஞ்சினுக்குள் வருகிறது. முள் 110.

கேள்வி கேட்ட நண்பருக்கு: சமதளத்தில் சில்லென்று, மலையில் கொதி என்று நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். இறக்கத்தில் முள் 45-க்கு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒற்றைத் தட்டு வால்வு உள்ள வண்டிகளும் உண்டு. அவற்றில் கழற்றினால் மலையில் இவ்வளவு கெடுதி இருக்காது. "எங்க வண்டியில கழட்டினோம், ஒண்ணும் ஆகலை" என்று சிலர் சொல்வதற்கு அதுதான் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை, வண்டி வேறு.

27.04.2023, இரவு 8.20

இரண்டு வால்வு வாங்கினேன், ஒன்று 450, இன்னொன்று 900. மாட்டுவதற்கு முன் அடுப்பில் வைத்துப் பார்த்தேன்.

வால்வை லேசாக நெம்பித் திறந்து, தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் தையல் நூலைக் கொடுத்து விட்டுவிட்டால் நூலைக் கவ்விக்கொள்ளும். நூலின் மறு முனையைக் கரண்டிக் காம்பில் கட்டி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. பக்கத்திலேயே தெர்மாமீட்டர். அடுப்பு சிம்மில்.

70-ல் ஒன்றுமில்லை. 75-ல் அடியில் குட்டிக் குட்டிக் குமிழி. 80-ஐக் காட்டிய நேரம் "டங்" என்று வால்வு பாத்திரத்துக்குள் விழுந்தது. வாய் திறந்து நூலை விட்டுவிட்டது. எட்டிப் பார்த்தால் தட்டு மயிரிழை அளவு நகர்ந்து இருக்கிறது, நடுவில் பித்தளைக் குப்பிக்குள் இருக்கும் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளுகிறது. 90 தாண்டியபோது விரல் நுழையும் அளவு இடைவெளி. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டே வந்தது. என் பையன் அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான், நாலு தடவை செய்தோம்.

அது 900 ரூபாய் வால்வு. 450 ரூபாய்க்கு வாங்கியதில் 80 என்றுதான் அச்சடித்திருக்கிறது, திறந்தது 88-ல். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

28.04.2023, காலை 6.30

ஒரு அக்கா சரியாகத் திட்டியிருக்கிறார்: "பால் பாத்திரத்துலயா வைப்பீங்க?"

என் தப்பு. புது வால்வு என்பதால் கூலன்ட் இல்லை, ஆனாலும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பழைய வால்வைச் சோதிப்பவர்கள் அதில் ஒட்டியிருக்கும் கூலன்ட்டையும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், சிறுநீரகத்தை அடித்துவிடும். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். பழைய டப்பா ஒன்றை இதற்கென்றே வையுங்கள். எங்கள் பாத்திரத்தை எடுத்து வண்டிச் சாமானோடு சேர்த்துவிட்டேன்.

இதோடு இன்னொன்று. கூலன்ட் இனிக்கும். தரையில் வடியவிட்டால் நாய் நக்கும், செத்துப்போகும். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தட்டு வைத்துப் பிடியுங்கள்.

30.04.2023, இரவு 7.45

வால்வை மாட்டினேன். பத்தே நிமிஷத்தில் முள் 110! வயிற்றைக் கலக்கிவிட்டது. துப்பாக்கியை அடித்தால் மேல் ஹோஸ் 40.

ஏர் லாக். வால்வுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால், மெழுகுக் குப்பி தண்ணீரில் நனையாமல் காற்றில் நிற்கும். சூடு தெரியாது, திறக்காது. அணைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, வீட்டு முன்னால் இருக்கும் சரிவில் மூக்கு மேலே பார்த்தபடி நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றியபடி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விட்டேன். பொளக் பொளக் என்று காற்று வந்தது. முக்கால் லிட்டர் கூடக் குடித்தது. வால்வில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், அது மேல் பக்கமாக வரும்படி மாட்டுங்கள். காற்று வெளியேறும் வழி அது.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள். அடிவாரத்தில் ஒரு கிளீனர் பையன் முகம் வெந்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். நிறுத்தி அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

இப்போது சமதளத்தில் 82. கம்பி மாதிரி நிற்கிறது. எஞ்சின் சத்தமே இதமாகிவிட்டது.

07.05.2023, இரவு 9.15

மலை ஏறிப் பார்த்தேன். 110 போய் 100. முன்னேற்றம்தான், திருப்தி இல்லை. நேரான ஏற்றத்தில் 92-ல் நிற்கிறது, வளைவுகள் அடுத்தடுத்து வந்து வேகம் 15-க்குக் குறையும்போதுதான் ஏறுகிறது.

பொதுவாக, வேகமாகப் போகும்போது சூடானால் தண்ணீர்ப் பக்கம் கோளாறு: அடைப்பு, பம்ப், வால்வு. ஊர்ந்து போகும்போது சூடானால் காற்றுப் பக்கம்: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் முகத்தில் ஒட்டிய பூச்சியும் மண்ணும். பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு? காணோம். ரேடியேட்டரில் நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது. எப்போது போனதோ. கூடு இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் கிடைக்கிற சூடான காற்றையே இழுத்துச் சுழற்றும். லாரி பாடி கட்டுகிற நண்பன் தகரத்தில் ஒன்று வளைத்துத் தருகிறேன் என்றிருக்கிறான்.

ஓட்டும் முறையும் முக்கியம். மூன்றாவது கியரில் முக்கி முனகி ஏற்றாமல் இரண்டாவதுக்கு இறக்குங்கள். பம்பும் ஃபேனும் எஞ்சின் சுற்றுக்குத்தான் சுற்றுகின்றன. உச்சிக்குப் போனதும் பட்டென்று அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் ஓடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பும் விரிசல் விடும்.

09.05.2023, காலை 6.50

காலையில் பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக் கிடக்கிறது. மூடிதான். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு. பெரியது குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் பிடிக்கும். நடுவிலிருக்கும் குட்டி வால்வு, எஞ்சின் ஆறும்போது பக்கத்திலிருக்கும் தண்ணீர் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடும். குட்டி மாட்டிக்கொண்டதால் உள்ளே வெற்றிடமாகி ஹோஸ் ஒட்டிவிட்டது.

பெரிய வால்வையும் சும்மா நினைக்க வேண்டாம். கொல்லிமலை மேலே 1,000 மீட்டருக்கு மேல் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். 0.9 (பார் அழுத்தம்) என்று எழுதிய மூடி ஒழுங்காகப் பிடித்தால் 115-ஐத் தாண்டினால்தான் கொதி. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. புது மூடி 180 ரூபாய். ரேடியேட்டருக்கு முன்னால் இதைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

14.05.2023, இரவு 10.40

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: அவருக்குக் காலையில் ஹோஸ் கல்லு மாதிரி இருக்கிறதாம், தண்ணீர் வாரம் ஒரு லிட்டர் குறைகிறதாம், ஒழுகலே இல்லையாம்.

ஐயா, இது என் கதை இல்லை, இது வேறு. இரவெல்லாம் ஆறிய பிறகும் ஹோஸ் விறைத்திருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் ஏறுகிறது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பி, உதவிக்கு ஒருவரை விட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். குமிழி நிற்காமல் வந்தால் அதேதான். ஆயில் குச்சியையும் பாருங்கள், பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். தண்ணீருக்குள் சிலிண்டர் புகை வருகிறதா என்று பார்க்கும், நீல மருந்து மஞ்சளாகும் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். டீசல் ஐடிலில் விடும் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, சின்னக் கசிவு அதில் தெரியாமல் போகலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்கு மட்டும் போகாதீர்கள், தயவுசெய்து.

05.08.2023, காலை 8.00

நேற்று முன்தினம் ஆடி 18. வல்வில் ஓரி விழாவுக்கு வீட்டில் ஒன்பது பேர், பின்னால் இரண்டு சாக்கு அரிசி, தண்ணீர்க் குடம். தகரக் கூடு மாட்டி ஒரு மாதம் ஆகிறது. காரவள்ளியில் 82. விழாக் கூட்டம், வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறினோம். ஐம்பதாவது வளைவில் பேருந்துக்கு வழிவிட்டு ஏழெட்டு நிமிஷம் நின்றபோது 94, அதற்கு மேல் இல்லை. செம்மேட்டில் நிறுத்தும்போது 88. டேப் மேல் துப்பாக்கியை அடித்தேன், 87.

அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டாவது வளைவு வந்ததும் "இங்கதான்" என்றார்.

முதலில் கேள்வி கேட்ட நண்பரும் நேற்று எழுதினார். வால்வு போட்டுவிட்டார், சமதளத்தில் 83. மலையில் அவருக்கு இன்னும் 102. வண்டியில் ஃபேன் கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.